வாயைக் கட்டச் சொன்னவர்கள்

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவன மருத்துவமனையில் 12 வயதுச் சிறுவன் ஒருவனைச் சேர்த்தார்கள். சர்க்கரை நோயால் அவனுக்கு ஏற்கெனவே பார்வை போயிருந்தது. தனி அறை. நம்பகமான ஆட்களுக்கு மட்டுமே உள்ளே போய்வர அனுமதி. கட்டிலைவிட்டு இறங்கவே தெம்பில்லாத உடம்பு. கொடுத்த உணவையெல்லாம் நிறுத்துக் கணக்கெழுதினார்கள். ஆனாலும் அவன் சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டே இருந்தது. மருத்துவர்களுக்கு இது புதிராக இருந்தது.

கடைசியில் அவனை விசாரித்தார்கள். வெகுநாள் மறுத்தான். சொன்ன காரணங்கள் எல்லாம் நம்பும்படியாகவும் இருந்தன. பிறகு ஒப்புக்கொண்டான். பற்பசையைத் தின்றிருக்கிறான். அறையில் வைத்துக்கொள்ள ஒரு கேனரிக் குருவி வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தான். அதன் கூண்டிலிருந்த தீனியையும் எடுத்துத் தின்றிருக்கிறான். அவன் இறந்தபோது எடை 18 கிலோவுக்கும் சற்றுக் கூடுதல்கூட இல்லை.

மருத்துவர் ஃபிரடெரிக் ஆலனும் அவருடைய சகாக்களும் 1919இல் வெளியிட்ட தடித்த நூலில் இந்த நோயாளியின் பதிவு இருக்கிறது. மென்பொருள் எழுதுவது என் தொழில். அதில் பாதி நேரம் லாக் படிப்பதுதான். ஏதோ ஒன்று உடைந்திருக்கும், எங்கே உடைந்தது என்று வரிவரியாகப் பின்னால் போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் இந்தப் பதிவைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்தியது. ‘என்ன தின்றாய், எங்கிருந்து எடுத்தாய்?’ என்ற கேள்விக்கு அதில் துல்லியமான பதில் இருக்கிறது. ‘பறவைத் தீனியைத் தின்னும் அளவுக்கு உனக்கு எப்படிப் பசித்தது?’ என்ற கேள்வி இல்லவே இல்லை.

எனக்கு 34 வயதில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அப்பாவுக்கு 22 வருடமாக இருக்கிறது. ஆகவே இந்த வரலாற்றை வெளியாளாக நின்று படிக்க என்னால் முடியவில்லை. சர்க்கரை நோயின் வரலாறு என்றால் எல்லோரும் இன்சுலின் கண்டுபிடிப்பைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் இன்னொரு வரலாறும் தெரிகிறது. நோயாளியின் பசியை மருத்துவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதன் வரலாறு. அதில் பெரும்பகுதி சந்தேகத்தின் வரலாறு.

பூட்டிய கதவு

ஐரோப்பிய மருத்துவத்தில் சர்க்கரை நோயை உணவால் கட்டுப்படுத்தும் முயற்சிக்கு 1797ஐத் தொடக்கமாகச் சொல்வார்கள். பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் தலைமை அறுவை மருத்துவர் ஜான் ரோலோ அந்த ஆண்டு இரண்டு நோயாளிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முதலாமவர் கேப்டன் மெரிடித், 34 வயது. பருமனாக இருந்து, நோயில் உருக ஆரம்பித்தவர். தாவர உணவுதான் உடலுக்குள் சர்க்கரையாகிறது என்று ரோலோ கருதினார். எனவே பாலும் இறைச்சியும் கொடுத்தார். ரத்தத்தையும் கொழுப்பையும் சேர்த்துச் செய்த புட்டிங், நாள்பட வைத்த இறைச்சி, சிக்கடித்த கொழுப்பு. மெரிடித் தாக்குப்பிடித்தார், தேறினார். இரண்டாமவர் ஒரு படைத்தளபதி. அவரால் அந்த உணவைத் தொடர முடியவில்லை. சிக்கடித்த கொழுப்பைத் தினமும் தின்ன முடியாதவரைப் பலவீனர் என்று எண்ணுவதா, மனிதர் என்று எண்ணுவதா? அடுத்த 150 வருடம் மருத்துவம் பெரும்பாலும் முதல் பதிலையே சொன்னது.

அடுத்து பாரிஸ். 1870-71இல் ஜெர்மானியப் படைகள் நகரத்தை முற்றுகையிட்டன. ரொட்டி ரேஷனுக்குப் போனது, குதிரையும் எலியும் தட்டுக்கு வந்தன. அப்போது அப்பொலினேர் பூஷார்தா என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அவருடைய சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்திருந்தது. சிலருக்கு மறைந்தே போயிருந்தது. முடிந்தவரை குறைவாகச் சாப்பிடுங்கள் என்பது அவருடைய அறிவுரையானது.

ஆனால் பூஷார்தாவிடம் இன்னொன்றும் இருந்தது, அதைப் பின்வந்தவர்கள் அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை. ரொட்டி இல்லாமல் ஒரு பிரெஞ்சுக்காரரால் வாழ முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் மாவுச்சத்தை நீக்கிய குளூட்டன் ரொட்டியைக் கொண்டுவந்தார். உடலுழைப்பை வற்புறுத்தினார். நோயாளிகளே தங்கள் சிறுநீரைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும் என்ற யோசனை அவரிடம் இருந்தது.

முற்றுகையில் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே பசி ஊருக்கே பொதுவாக இருந்தது. பக்கத்து வீட்டில் கறி வேகும் வாசனை இல்லை, கல்யாண வீட்டுப் பந்தி இல்லை. எல்லோரும் சாப்பிடும்போது ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது வேறு வகைப் பசி. முற்றுகை முடிந்தபிறகு நோயாளிக்கு மிஞ்சியது அந்தப் பசிதான்.

நேப்பிள்ஸில் அர்னால்டோ கன்தானி அதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார்: பூட்டு. நோயாளியை அறையில் வைத்துப் பூட்டி, கொழுப்பில்லாத இறைச்சியும் கொழுப்பும் அளந்து கொடுத்தார். ஸ்ட்ராஸ்பர்க்கில் பெர்ன்ஹார்ட் நௌனின், சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை, தேவைப்பட்டால் ஐந்து மாதம்வரைகூட நோயாளிகளை அடைத்துவைத்தார். இருவரும் அன்றைய மருத்துவத்தின் பெரிய தலைகள். இதற்குள் சிறுநீரில் சர்க்கரையைக் கண்டறியும் வேதியியல் சோதனைகள் எளிதாகிவிட்டிருந்தன. பூஷார்தா நோயாளியின் கையில் கொடுத்த சோதனை, இங்கே நோயாளிக்கு எதிரான சாட்சியாக மாறியது. குழாயில் நிறம் மாறினால் நீ திருடியிருக்கிறாய்.

இவர்களைக் கொடூரர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. இன்சுலின் இல்லாத காலம். முதல் வகை நோய் வந்த குழந்தை சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ சாகும். ராக்கஃபெல்லர் சிறுவனுக்கும் பெரும்பாலும் அந்த வகையாகத்தான் இருந்திருக்கும். ஆலனின் பட்டினி வைத்தியம் சாவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது. அமெரிக்க அரசியல் தலைவர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்கு 1919இல், 11 வயதில் நோய் வந்தது. ஆலனின் மேற்பார்வையில் மூன்று வருடம் அரைப்பட்டினி கிடந்தாள். 1922 ஆகஸ்டில் டொரன்டோவுக்கு இன்சுலின் தேடிப் போனபோது அவளுடைய எடை சுமார் 20 கிலோ. அதன்பின் 1981வரை வாழ்ந்தார். பட்டினி அவரை மருந்து வரும்வரை காப்பாற்றி வைத்தது. வேறு வழியில்லாத காலத்தில் பிறந்த முறை அது. வேறு வழிகள் வந்தபிறகும் அதன் மனநிலை போகவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மூன்றாவது அறிகுறி

1936இல் லண்டனில் ஹெரால்ட் ஹிம்ஸ்வொர்த், சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்று காட்டினார். சிலருக்கு இன்சுலின் ஊசி போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்குகிறது. சிலருடைய உடல் அந்த இன்சுலினைச் சட்டைசெய்வதே இல்லை. இன்று நாம் முதல் வகை, இரண்டாம் வகை என்று சொல்வதற்கு அது அடித்தளம். இரண்டாவது கூட்டம்தான் பெரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. அதில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகை. அப்பாவும் நானும் அந்தக் கணக்கில் இருப்பவர்கள்.

இப்போது கதவைப் பூட்டுவதில்லை. ஆனால் சொற்களில் பூட்டு இருக்கிறது. நம்மூரில் அதற்கு அருமையான வழக்கே உண்டு: வாயைக் கட்டணும். அப்பாவின் வார்த்தையில் சொன்னால், “நாக்குக்கு ஒரு பூட்டுப் போடத் தெரியலைன்னா என்னடா மனுசன்?” அவர் இதை என்னிடம் மட்டும் சொல்லவில்லை. 22 வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்குக் கொடுக்கப்பட்ட அச்சிட்ட தாளில் இரண்டு பத்திகள் இருந்தன. சாப்பிடலாம், சாப்பிடக் கூடாது. இரண்டாவது பத்தியைப் பார்த்தால் என் சொந்த ஊரின் வரைபடம் மாதிரி இருந்தது: இட்லி, பொங்கல், பரோட்டா, காராச்சேவு, சீரணி மிட்டாய், மாம்பழம். அந்தத் தாளில் பசி என்ற சொல் எங்கும் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை. சர்க்கரை நோயின் பாரம்பரிய அறிகுறிகள் மூன்று என்று மருத்துவ மாணவர்கள் முதலில் படிப்பார்கள். அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், அதீதப் பசி. ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் செல்களுக்குள் அது சரியாகப் போய்ச் சேர்வதில்லை. நிறைய குளுக்கோஸ் சிறுநீரோடு வெளியேறவும் செய்கிறது. அணைக்கட்டு நிரம்பியிருக்கிறது, மதகு திறக்கவில்லை, வயல் காய்கிறது. வயல் காய்ந்தால் உடல் ‘சாப்பிடு’ என்கிறது. போதாததற்கு, கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு ஒருவேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போடச் சொல்லும். அது உயிரைக் காப்பாற்ற உடல் அடிக்கும் அபாய மணி.

அடிக்கடி சிறுநீர் கழிப்பவரை யாரும் ஒழுக்கங்கெட்டவர் என்று சொல்வதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பவரைத் திட்டுவதில்லை. மூன்றாவது அறிகுறியை மட்டும் குணக்கேடாக ஆக்கிவிட்டோம்.

மின்னியாபொலிஸ்

பசி மனிதனை என்ன செய்கிறது என்பதை முறையாக அளந்து பார்த்த பெரிய சோதனை, சர்க்கரை நோயோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடத்தில் நடந்தது. 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அரங்கத்துக்குக் கீழே இருந்த ஆய்வுக்கூடத்தில். போர் முடியும்போது ஐரோப்பாவில் கோடிக்கணக்கானோர் பட்டினியில் இருப்பார்கள், அவர்களுக்கு எப்படித் திரும்ப உணவூட்டுவது என்று தெரிந்துகொள்ள ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் இதைத் திட்டமிட்டார்.

சோதனைக்கு 36 இளைஞர்கள் முன்வந்தார்கள். எல்லோரும் மனசாட்சியின்படி போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். உடலும் மனமும் திடமாக உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இதை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். நாடே போர் முழக்கம் போடும்போது ‘நான் கொல்ல மாட்டேன்’ என்று தனியாக நின்றவர்கள். மன உறுதிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

முதல் 12 வாரம் வழக்கமான உணவு, நாளுக்குச் சுமார் 3200 கலோரி. அடுத்த 24 வாரம் கிட்டத்தட்ட அதில் பாதி. ரொட்டி, உருளைக்கிழங்கு, கோஸ், டர்னிப், மக்ரோனி. வாரத்துக்கு 22 மைல் நடை. உடல் எடையில் சுமார் கால்பங்கு கரைந்தது.

அதைவிட முக்கியம் மனதுக்கு நடந்தது. அவர்களால் உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. சமையல் புத்தகங்களை நாவல் மாதிரி படித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை இரண்டு மணிநேரம் இழுத்தார்கள், தட்டை நக்கினார்கள். சூயிங்கம்மைப் பாக்கெட் பாக்கெட்டாக மென்றார்கள். காபியை அளவில்லாமல் குடித்ததால் அதற்கும் வரம்பு வைக்க வேண்டி வந்தது. சிலரால் தாங்க முடியவில்லை, வெளியே போன இடத்தில் சாப்பிட்டுவிட்டார்கள். அதன்பின் யாரும் தனியாக வெளியே போகக் கூடாது, கூட ஒரு தோழர் போக வேண்டும் என்று விதி வந்தது. போரை மறுக்க முடிந்தவர்களால் பேக்கரியை மறுக்க முடியவில்லை.

பட்டினிக் கட்டம் 1945 ஜூலை இறுதியில் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிக நெருக்கமான பகுதி. கட்டுப்பாடு முழுதாக விலகியபோது சிலர் நாளுக்கு 5000 கலோரிக்கும் மேல் சாப்பிட்டார்கள். வயிறு புடைத்து வலிக்கும், ஆனாலும் பசிக்கிறது என்றார்கள். ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கழுவ வேண்டியிருந்தது. எடை பழைய நிலைக்கு வந்தபிறகும் சிலருக்கு அந்தப் பசி அடங்க மாதங்கள் ஆயின.

கீஸ் குழுவினர் இதையெல்லாம் 1950இல் இரண்டு தொகுதிகளாக, 1300க்கும் மேற்பட்ட பக்கங்களில் வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இருந்திருக்க வேண்டிய புத்தகம். அதே 1950இல் அமெரிக்கச் சர்க்கரை நோய் அமைப்புகள், எந்த உணவுக்கு எது மாற்று என்ற பரிமாற்றப் பட்டியலை வெளியிட்டன. ஒரே ஆண்டில் இரண்டு வெளியீடுகள். ஒன்று எதைச் சாப்பிட வேண்டும் என்று சொன்னது. மற்றது சாப்பிடாமல் இருப்பது என்ன செய்யும் என்று சொன்னது. நோயாளியின் கைக்கு முதலாவதன் வழித்தோன்றல்கள்தான் வந்துசேர்ந்தன.

என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஒரு பயனர் தப்பான பட்டனை அழுத்தினால் அது அவருடைய கவனக்குறைவாக இருக்கலாம். ஆயிரம் பேர் அதே பட்டனை அழுத்தினால் பட்டனை வைத்த இடம் தப்பு. நேப்பிள்ஸில் திருடினார்கள், ஸ்ட்ராஸ்பர்க்கில் திருடினார்கள், நியூயார்க்கில் பார்வையற்ற பையன் திருடினான், மின்னியாபொலிஸில் திடமான இளைஞர்கள் திருடினார்கள். இத்தனைக்குப் பிறகும் ‘நோயாளி சரியில்லை’ என்று எழுதுவது லாக் படிக்கத் தெரியாதவரின் முடிவு.

முக்காடு

பசியோடு ஆரம்பித்து, பசி தீர்ந்தபிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிடும் அந்த நிலைக்கு ஆங்கிலத்தில் பிஞ்ச் ஈட்டிங் என்று பெயர். தமிழில் பெருந்தீனி என்று சொல்லலாம், ஆனால் அந்தச் சொல்லிலேயே ஒரு திட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1959இல் அமெரிக்க உளவியல் மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட், உடல் பருமனானவர்கள் சிலரிடம் இந்த முறையைக் கவனித்து எழுதினார். அதற்கு நான்கு வருடம் முன்பே, பகலில் சாப்பிடாமல் இரவில் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும் நிலையையும் பதிவுசெய்திருந்தார். ஆனால் பிஞ்ச் ஈட்டிங் தனியான ஒரு கோளாறு என்று அமெரிக்க உளவியல் மருத்துவக் கையேட்டில் முழு இடம் பெற்றது 2013இல்தான். அரை நூற்றாண்டுக்கும் மேல்.

இடையில், 1975இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். கல்லூரிப் பெண்களில் சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்னாலும் ஐஸ்கிரீம் வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். வழக்கமாக வாயைக் கட்டாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தால் அதுதானே இயல்பு. எப்போதும் டயட்டில் இருப்பவர்களோ தலைகீழ். மில்க் ஷேக் குடித்தபிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள்.

பின்னாளில் ஹெர்மனும் ஜேனட் பொலிவியும் இந்த விளைவைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அவர்கள் வேலை பார்த்த பல்கலைக்கழகம் இன்சுலின் பிறந்த அதே டொரன்டோவில்தான் இருக்கிறது. அவர்கள் விளக்கியதை நம் ஆட்கள் பழமொழியாகவே சொல்லிவைத்திருக்கிறார்கள்: முழுக்க நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு? ஒரு விதியை வைத்துக்கொண்டு வாழ்பவருக்கு விதி உடைந்த கணத்தில் அன்றைய நாளே முடிந்துவிடுகிறது. ஒரு ஜிலேபி தின்றாயிற்று, இனி நாலு தின்றால் என்ன? நாளையிலிருந்து ஒழுங்காக இருப்போம். இந்த ‘நாளையிலிருந்து’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நாளை மறுபடி பட்டினி, மறுபடி கோட்டின் விளிம்பு, மறுபடி உடைப்பு. பட்டினிதான் உடைப்புக்கு விதை. உடைப்புக்குத் தண்டனையாகவும் பட்டினியையே கொடுத்துக்கொள்கிறோம்.

நான் ஆறு வாரம் ஒரு கணக்கு வைத்தேன். என்ன சாப்பிட்டேன் என்பதைவிட எப்போது சாப்பிட்டேன் என்பதை எழுதினேன். அலுவலகத்தில் ரிலீஸ் வேலை நெருக்கிய காலம் அது. அந்த ஆறு வாரத்தில் ஒன்பது இரவுகள், 11 மணிக்கு மேல் வாய் நமநமவென்று ஆரம்பித்து, காராச்சேவு பாக்கெட் முழுதாகத் தீரும்வரை நிற்காத இரவுகள். ஒன்பதில் எட்டு, மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையே ஏழு மணிநேரத்துக்குமேல் இடைவெளி விழுந்த நாட்கள். ஒழுங்காக இருந்த இரவுகளில் என் மன உறுதி கூடியிருக்கவில்லை. நாலரை மணிக்கு யாரோ அவித்த கடலை வாங்கிவந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மறுபத்தியம்

1980களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் இந்தச் சுழலை உடைக்க ஒரு சிகிச்சை முறையை வடிவமைத்தார். அதன் முதல் படி எளிமையானது, ஆனால் பழைய மருத்துவர்களுக்கு அதிர்ச்சி தரக்கூடியது: ஒழுங்காகச் சாப்பிடு. மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி, மூன்று நான்கு மணிநேரத்துக்குமேல் வயிற்றைக் காயப்போடாதே. சாப்பிட்டதை அப்போதைக்கப்போது எழுதிவை. ஒருவேளை மிஞ்சிப் போய்விட்டதா, அடுத்த வேளையைத் தவிர்க்காதே, வழக்கம்போல் சாப்பிடு. எல்லாவற்றையும்விடக் கடினம் கடைசி விதிதான்.

சர்க்கரை நோயாளிக்கு இதில் கூடுதல் நுணுக்கம் தேவை. சிற்றுண்டி என்றால் முறுக்கும் பிஸ்கட்டும் அல்ல. சுண்டல், முட்டை, மோர், கொஞ்சம் நிலக்கடலை என்று சர்க்கரையை மெதுவாக ஏற்றுபவை. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றினால் மருந்தின் அளவையும் மருத்துவரோடு பேசி மாற்ற வேண்டும். பிடித்த உணவை ஒரேயடியாகத் தடைசெய்யாமல், எப்போது எவ்வளவு என்று திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். திட்டத்தில் இருக்கும் இரண்டு இட்லி, நள்ளிரவில் ஆத்திரத்தோடு தின்னும் எட்டு இட்லிக்கு எதிரான மருந்து.

அப்படியானால் கடும் கட்டுப்பாடு எல்லாம் வீணா என்று கேட்கலாம். இல்லை. 2017இல் வெளியான பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகள் மூன்று முதல் ஐந்து மாதம்வரை நாளுக்குச் சுமார் 850 கலோரி திரவ உணவில் மட்டும் இருந்தார்கள். மின்னியாபொலிஸைவிடக் கடுமை. ஒரு வருட முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை நோய் தணிந்திருந்தது. பூஷார்தா முற்றுகையில் கண்டது கண்கட்டு வித்தை இல்லை. ஆனால் இந்த ஆய்வில் கதவும் பூட்டும் கிடையாது. திரவ உணவு முடிந்ததும் சாதாரண உணவுக்கு வாரக்கணக்கில், படிப்படியாகத் திரும்பும் கட்டம் இருந்தது. அதற்குப் பிறகும் மாதந்தோறும் கூடவே ஓர் ஆள் இருந்தார்.

நம் மரபு மருத்துவத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. மருந்து சாப்பிடும் காலத்தில் பத்தியம். மருந்து முடிந்தபிறகு, வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பும் நாட்களில் மறுபத்தியம். பத்தியத்துக்கு முடிவுநாள் உண்டு, முடிவுக்குப் பின் திரும்பிவரும் வழியும் உண்டு என்பதை அந்தச் சொல் ஒப்புக்கொள்கிறது. சர்க்கரை நோயாளிக்குக் கொடுத்த பத்தியத்தில் இரண்டுமே இல்லை. ஆயுளுக்கும் வாயைக் கட்டு என்றார்கள், கட்டை எப்படித் தளர்த்துவது என்று சொல்லவில்லை. தளர்த்தத் தெரியாத கட்டு அறுந்துதான் போகும்.

கடைசி அத்தியாயம் இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலச் செயல்படும் மருந்துகள் 2005இலிருந்து சர்க்கரை நோய்க்குப் பயன்பாட்டில் உள்ளன. அவற்றில் புதியவற்றை எடுத்துக்கொள்பவர்கள் பலர் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்த உணவின் இரைச்சல் நின்றுவிட்டது என்கிறார்கள். இத்தனை வருடம் மற்றவர்களுக்கு இந்த இரைச்சலே இல்லையா என்று ஆச்சரியப்படுகிறார்கள். இம்மருந்துகளுக்கு விலையும் பக்கவிளைவும் உண்டு, எல்லோருக்கும் பொருந்தாது. நான் எடுக்கவில்லை. ஆனால் அவை ஒரு வழக்கைத் தீர்த்துவைத்துவிட்டன என்று நினைக்கிறேன். வாரம் ஒரு ஊசியில் அடங்கும் ஒன்று குணக்கேடாக இருக்க முடியாது.

போன மாதம் அம்மா ஃபோனில் புகார் சொன்னார். “உங்கப்பா ராத்திரி எந்திரிச்சு பூந்தி டப்பாவைக் காலி பண்ணியிருக்கார். இந்த வயசுல இது தேவையா? நீயே கேளு.” ஃபோன் அப்பாவிடம் போனது. அவர் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

“அப்பா, அதுக்கு முன்னாடி எப்போ சாப்பிட்டீங்க?”

கொஞ்சநேரம் யோசித்தார். “மத்தியானம் ஒண்ணும் பெருசா சாப்பிடலைடா. மறுநாள் டெஸ்ட் இருந்துச்சுல்ல. அதான் காலைலேர்ந்தே வாயைக் கட்டிட்டு இருந்தேன்.”

அம்மா இப்போது தினமும் நாலு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் வைக்கிறார்.